ஒரு சாட்சி போதுமா

பிளாரன்ஸ் முப்பத்தொரு வருஷம் தூத்துக்குடி கோர்ட்டில் பெயர் கூப்பிட்டாள். வேலை உத்தரவில் அலுவலக உதவியாளர் என்று போட்டிருந்தது. வழக்குக் கட்டு சுமப்பது, நீதிபதி வரும்போது கதவைத் திறந்து பிடிப்பது, மேஜையில் தண்ணீர் வைப்பது எல்லாம் அதில் சேர்த்தி. கடற்கரையில் அவளுடைய ஊரில் கேட்டால், "கோர்ட்டு வாசல்ல நின்னு கூப்பிடுதவ" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்.

முதல் நாள் பெஞ்சு கிளார்க் சுந்தர்சிங் சொல்லித் தந்தது ஒன்றே ஒன்று.

"பேர மூணு தடவ கூப்பிடணும். மூணும் ஒரே மாதிரி இருக்கணும். திருடனுக்கு ஒரு குரலு, தெரிஞ்சவனுக்கு ஒரு குரலுன்னு வச்சுக்கிட்டா நாளைக்கே உன் மேல பெட்டிஷன் வரும்மா."

அவளுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. மாலத்தீவுக்கு ஜல்லியும் வெங்காயமும் ஏற்றிப் போன தோணியோடு புருஷன் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தோணியும் வரவில்லை, ஒரு பலகைத் துண்டும் வரவில்லை. பிள்ளை கிடையாது. தினம் முக்கால் மணி நேர பஸ். ஜன்னலுக்கு வெளியே உப்பளமும், தூரத்தில் துறைமுகத்து கிரேன்களும். அந்த நேரத்தில் அவள் நீதிபதிகளைப் பற்றி யோசித்தாள். வேறு யாரைப் பற்றியும் யோசிக்கிற அளவுக்கு அவளுக்கு யாரும் இல்லை என்பதும் ஒரு காரணம்.

பதினான்கு நீதிபதிகளைப் பக்கத்தில் நின்று பார்த்தாள். ஒருவர் சேலம் பக்கம். கடல் மீனுக்கு உயிரை விடுவார். பிளாரன்ஸ் ஊரில் விடிகாலை கரையேறுகிற சீலா மீன் நகரத்துச் சந்தைக்கு வர உச்சியாகிவிடும். காசு வாங்கிக்கொண்டு தானே வாங்கி வருவதாக ஒருநாள் சொன்னாள். அவர் வழக்குக் கட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"உங்க ஊர் கேஸ் ரெண்டு இங்க இருக்கும்மா. முடியட்டும், சாப்பிடறேன்."

இரண்டாவது கேஸ் முடிவதற்குள் அவரை மாற்றிவிட்டார்கள். சீலா சாப்பிடாமலே போனார்.

இன்னொருவர், ஒரு கட்டைப் பிரித்து வாதியின் பெயரைப் படித்ததும் மூடி வைத்துவிட்டார். கல்லூரியில் ஒரே அறையில் இருந்தவனாம். பேசி இருபது வருஷம் ஆயிற்றாம். இருந்தாலும் அந்தக் கட்டு வேறு கோர்ட்டுக்குப் போயிற்று. சுமந்து போனவள் பிளாரன்ஸ். இருபது வருஷம் பேசாதவனிடம் என்ன சாய்வு இருக்கும் என்று மாடிப்படி முழுக்க யோசித்துக்கொண்டு போனாள். ஒருவேளை சண்டை போட்டுப் பிரிந்திருப்பார்களோ. அப்படியானால் எந்தப் பக்கம் சாய்வு?

கடைசி வருஷங்களில் ஒரு பெண் நீதிபதி வந்தார். கொஞ்சம் பேசுவார். மதியம் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது பிளாரன்ஸ் கேட்டுவிட்டாள்.

"ஆள் முகத்தைப் பாக்காம எப்படிம்மா தீர்ப்பு சொல்லுதிய?"

"யார் சொன்னா பாக்காமன்னு? முகத்தைத்தான் பாக்குறேன். பேசும்போது எச்சில் முழுங்குறானா, யாரைப் பாத்துக்கிட்டே பேசுறான், எல்லாம் பாக்கணும். எழுதிக்கூட வைக்கலாம். யாரோட முகம்னு மட்டும் பாக்குறதில்ல."

அன்றைக்கு பஸ்ஸில் அவள் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் இறங்கினாள்.

ஓய்வு பெற்று வந்த பிறகு ஊரில் அவளுக்குக் கிடைத்த வேலை கோயிலில் பூசையின்போது பைபிள் வாசகம் வாசிப்பது. மூன்று கூப்பாடு கூப்பிட்ட தொண்டை. மைக் இல்லாத நாளில்கூட கடைசி வரிசைக்குக் கேட்கும். முந்தின நாள் மாலையே மறுநாள் வாசகத்தை இரண்டு தடவை வாசித்துப் பார்த்துக்கொள்வாள். அப்படித்தான் ஒரு தவக்காலத்தின் முதல் திங்கட்கிழமைப் பூசைக்கான வாசகத்தில் ஒரு வரி அவளைத் தடுத்து நிறுத்தியது. மோசேக்குக் கடவுள் சொல்வது. தீர்ப்பு சொல்லும்போது பெரியவன் என்று பயப்படாதே என்று இருந்தது. அது தெரிந்த விஷயம். ஏழை என்றும் இரங்கிச் சாயாதே என்று அதற்கு முன்னால் இருந்தது.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு பங்குச்சாமியாரிடம் போனாள். சாமியார் சின்ன வயசு. மோட்டார் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்.

"சாமி, இது அச்சுப் பிழையா?"

அவர் படித்துப் பார்த்தார். "இல்லையேக்கா. சரியாத்தான் இருக்கு."

"பைபிள் பூரா விதவை, அநாதை, கூலிக்காரன்னுதான வருது. நானே விதவ. அதனால அந்த எடமெல்லாம் கவனிச்சுப் படிச்சிருக்கேன்."

"அவங்களுக்குக் குடு, அவங்ககிட்டப் பிடுங்காத, கூலிய ராத்திரிக்கு வச்சுக்கிடாதன்னு இருக்கு. எல்லாம் உண்மைதான். தீர்ப்புன்னு உக்காந்துட்டா மட்டும் அந்தப் பக்கமும் சாயாத."

"கோர்ட்டுலயும் இதத்தான் சொல்லுவாவ."

"கோர்ட்டு எங்க இருந்து எடுத்துச்சுன்னு நெனைக்கிய?"

அதை அவள் லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு இடம் ஒத்து வரவில்லையே என்றாள். கோர்ட்டில் வெளியூர்க்காரரைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறார்கள். யாரும் தெரியக் கூடாது. தெரிய ஆரம்பித்ததும் மூன்று வருஷத்தில் மாற்றிவிடுகிறார்கள். மோசே அந்தந்த ஊர் வாசலில் அந்தந்த ஊர்க்காரனையே வைக்கிறார். வைத்துவிட்டு, உன் சகோதரனுக்கும் உன்னோடு இருக்கிற அந்நியனுக்கும் நடுவில் நேராகச் சொல் என்கிறார்.

"அவரும் வெளியூர்க்காரனப் போட்டிருக்கலாம்லா சாமி?"

"பாலைவனத்துல வெளியூருக்கு எங்கக்கா போறது?" என்றார் சாமியார். பம்பைக் கழற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஊர்க் கமிட்டியில் ஒரு பொம்பளையாவது இருக்க வேண்டும் என்று மறைமாவட்டத்திலிருந்து தாக்கீது வந்தபோது அவளைப் போட்டார்கள். கோர்ட்டு தெரிந்தவள். வழக்கு கேட்கிற மூன்று பேரில் ஒருத்தி. தலைவர் ஜெரால்டு, இரண்டு படகுக்குச் சொந்தக்காரர். அடுத்தவர் மரியான், தோணியில் முப்பது வருஷம் ஓடியவர், பைபிளை மூன்று தடவை முழுக்கப் படித்தவர். நான்காவது தடவை நடக்கிறது. சுவர்ச் சண்டை, வலைச் சண்டை, கல்யாண வீட்டில் பேசிய பேச்சு என்று மறைக்கல்வி அறையில் உட்கார்ந்து கேட்டார்கள். சின்னப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சுதான் வழக்காளிகளுக்கு. முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருப்பவனைப் பார்த்தால் பாதிக் கோபம் போய்விடும்.

அந்தப் புரட்டாசியில் வந்த வழக்கு சிரிக்கிற மாதிரி இல்லை.

சனிக்கிழமை மாலை ஆறு மணி அடித்தால் ஞாயிறு மாலை ஆறு வரைக்கும் ஒரு படகும் கடலில் இறங்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. மீறினால் படகின் எஞ்சினைக் கழற்றிக் கோயில் அறையில் வைத்துவிடுவார்கள். முப்பது நாள். நண்டு நன்றாகப் படுகிற மாதத்தில் முப்பது நாள் எஞ்சின் இல்லை என்றால் அந்த வருஷமே இல்லை என்று அர்த்தம்.

ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு எல்லாப் படகும் நண்டோடு கரைக்கு வந்தன. நண்டு வியாபாரியின் வேன் ஆறு மணிக்கே இரண்டு பெட்டி ஏற்றிவிட்டுப் போயிருந்தது. ஜெரால்டு ஐஸ் விற்கிற சொரிமுத்துவிடம் கேட்டார். சொரிமுத்து இந்த ஊர்க்காரன் இல்லை. ஆழ்வார்திருநகரியைத் தாண்டி ஒரு கிராமம். ஒன்பது வருஷமாகக் கரையில் ஐஸ் பெட்டி போட்டிருக்கிறான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஐஸ் உடைத்தவாறே சொன்னான்.

"நேத்து ஹென்றித் தம்பிதான அண்ணாச்சி கரை வந்தாரு. ரெண்டு பெட்டிக்கு ஐஸ் வாங்கினாரு. நானும் படகத் தள்ள ஒரு கை குடுத்தேன்."

ஞாயிற்றுக்கிழமை தடை என்பது அவனுக்குத் தெரியும். வியாபாரம் இருக்காது என்ற அளவில் தெரியும். அதை மீறினால் எஞ்சின் போகும் என்பது ஒன்பது வருஷத்தில் தெரியாமலே இருந்திருக்கிறது. யாரும் மீறியதில்லை.

ஹென்றி, பிளாரன்ஸின் தங்கச்சி பிலோமியின் ஒரே மகன். பிளாரன்ஸ் வீட்டுக்கும் பிலோமி வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அதிலும் ஒரு கதவு.

அடுத்த ஞாயிறு நான்கு மணிக்கு அறை நிறைந்து ஜன்னல்களிலும் ஆள் தொங்கியது. பிளாரன்ஸ் நாற்காலியில் உட்காரவில்லை.

"என் தங்கச்சி மவன். நான் இதக் கேக்கக் கூடாது. கோர்ட்டுல எந்திரிச்சுப் போயிருவாவ."

ஜெரால்டு சிரித்தார். "அக்கா, அவன் பொண்டாட்டி ஷெர்லின் எனக்கு அண்ணன் மவ. மரியானண்ணன் அவனுக்கு ஞானத்தகப்பன். நீங்க எந்திரிச்சா நாங்களும் எந்திரிக்கணும். பெறகு இந்த ரூம்புல சொந்தம் இல்லாத ஆளு சொரிமுத்து மட்டுந்தான். அவந்தான் தீர்ப்பு சொல்லணும்."

"சொல்லட்டும்லே, ஐஸு மாதிரி குளிர்ச்சியாச் சொல்லுவான்" என்றது ஜன்னல்.

அவள் உட்கார்ந்தாள். மோசேயின் ஊரும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது. ஒருவன் மச்சான், ஒருவன் சம்பந்தி, வெளியே ஒரே ஒரு அந்நியன்.

ஹென்றி எழுந்தான். முப்பத்திரண்டு வயசு. கையைக் கட்டிக்கொண்டு சொன்னான். சனிக்கிழமை மாலை படகைக் கரையில் ஏற்றினேன். திங்கள் விடிகாலைதான் இறக்கினேன். நண்டு சனிக்கிழமை நண்டு. நடுவில் படகு இடத்தைவிட்டு அசையவில்லை. பூசை முடிந்து வந்தவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள்.

"பாத்தோம். வரிசையிலதான் கெடந்துச்சு" என்று நாலைந்து பேர் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்கிற ஆட்கள் இல்லை. பிளாரன்ஸும் பூசை முடிந்து அந்த வழியாகத்தான் வந்தாள். படகு அங்கே கிடந்தது.

"சொரிமுத்து ஏன் அப்படிச் சொல்லணும்?" என்று மரியான் கேட்டார்.

"போன மாசம் அவன்கிட்ட ஐஸ் வாங்கல. உருகுன ஐஸக் குடுத்தான், வேற எடத்துல வாங்கினேன். அந்தக் காந்தல்தான்."

சொரிமுத்து வாசலருகில் நின்றான். பெஞ்சில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "வெயில்ல வச்சா ஐஸு உருகத்தான் செய்யும். அதுக்கு நான் காந்தல் வச்சா வருஷம் பூரா காந்திக்கிட்டுத்தான் கெடக்கணும்."

கூடப் போனவன் யார் என்று ஜெரால்டு கேட்டார். ஹென்றியின் மச்சினன் என்றான் சொரிமுத்து. மச்சினன் திங்கட்கிழமையே மணப்பாட்டுக்குப் போனவன் இன்னும் வரவில்லை. போனை எடுக்கவும் இல்லை.

மரியான் தொண்டையைச் செருமினார். ஒரே ஒரு சாட்சி. பைபிளில் ஒரு சாட்சியை வைத்து யாரையும் குற்றவாளியாக்கக் கூடாது என்று இருக்கிறது. இரண்டு பேர் வேண்டும், இல்லாவிட்டால் மூன்று பேர்.

"சரிதான்" என்றாள் பிலோமி. அவள் ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தாள்.

ஜெரால்டு பிளாரன்ஸைப் பார்த்தார். "கோர்ட்டுல எப்படிக்கா?"

அவள் எதைச் சொன்னாலும் ஒரு பக்கம் விழும். அளக்கிறவன் எந்தக் கோலை எடுக்கிறான் என்பதிலேயே பாதி அளந்தாகிவிடுகிறது. கோலை எடுப்பதற்கு நேர்மை என்ன என்று எந்த நீதிபதியிடமும் அவள் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம். தட்டு கழுவிய நாளில் நேரம் இருந்தது.

"அங்க ஒரு சாட்சி போதும். எத்தன பேருன்னு கணக்கு கெடையாது. நம்புற மாதிரி இருக்கான்னு மட்டும் பாப்பாவ. ஒரு பெட்டிக்கடைக்காரி சொன்னத மட்டும் வச்சு ஒருத்தனுக்கு ஏழு வருஷம் போட்டாவ. நான்தான் அவளக் கூப்பிட்டேன்."

"இது கோர்ட்டு இல்ல, கோயிலு" என்றாள் பிலோமி. "ஏளா, முப்பது வருஷம் கோர்ட்டுச் சோறு தின்னா அங்கன உள்ள சட்டந்தான் வாயில வருமோ?"

"கேட்டதுக்குச் சொன்னேன்."

ஜெரால்டு அவசரப்பட்டார். பைபிள்படியே போவோம் என்றார். இரண்டாவது சாட்சி இல்லை. ஹென்றி போகலாம். அப்படியானால் சொரிமுத்து சொன்னது பொய். பொய்ச்சாட்சிக்கு என்ன என்பதையும் மரியான் அண்ணன் சொல்லட்டும்.

மரியான் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார். அடுத்தவனுக்கு எந்தத் தண்டனை வரவேண்டும் என்று பொய் சொன்னானோ அது சொன்னவனுக்கே.

"அப்போ இவன் எஞ்சின் போயிருக்கணும். அவனுக்கு எஞ்சின் இல்ல. ஐஸ் பெட்டி இருக்கு. அது கரைய விட்டுப் போகட்டும்."

ஜன்னல்களில் ஒரு முனகல் ஓடியது. சம்மதமா இல்லையா என்று தெரியாத முனகல். சொரிமுத்து மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டான்.

"அது அப்படி இல்ல" என்றாள் பிளாரன்ஸ். "ஒருத்தர் சொன்னது நிரூபணம் ஆகலன்னா அவர் பொய் சொன்னாருன்னு ஆகாது. அங்க சந்தேகத்துக்குப் பலன் குடுத்து இவன விட்டுருவாவ. சாட்சிய ஒண்ணும் செய்ய மாட்டாவ. அவர் பாட்டுக்குப் போவாரு."

"அது எப்படிக்கா? ஒண்ணு இவன் கடலுக்குப் போயிருக்கணும். இல்ல அவன் பொய் சொல்லியிருக்கணும். நடுவுல நிக்க என்ன எடம் இருக்கு?"

நடுவில் ஒரு பெரிய கட்டடமே கட்டி வைத்திருக்கிறார்கள், அதற்குள்தான் முப்பத்தொரு வருஷம் இருந்தேன் என்று சொல்ல நினைத்தாள். சொன்னால் புரியாது. கேள்வி கேட்கத் தன் முறை வந்தபோது, கோர்ட்டில் கேட்பதையே கேட்டாள்.

"சொரிமுத்து, படகு வந்தத எத்தன மணிக்குப் பாத்திய?"

"மணி பாக்கலக்கா. நான் பெட்டியக் கழுவிக் கவுத்திக்கிட்டு இருந்தேன். நிமிந்தா படகு தூரத்துல வருது. கோயில் மைக்குல நீங்க வாசிச்சிட்டு இருந்திய. அது முடிஞ்சு பாட்டு ஆரம்பிக்கயில கரைக்கு வந்துட்டாரு. பெறகு தள்ளினோம்."

பிளாரன்ஸ் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை.

வாசகம் வாசிக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் சொல்லித் தருவார்கள். புத்தகத்திலேயே கண்ணை ஒட்ட வைக்கக் கூடாது. ஒவ்வொரு வாக்கியமும் முடியும் இடத்தில் ஒரு தடவை தலை நிமிர வேண்டும். பிளாரன்ஸ் தவறாமல் நிமிர்வாள். அந்தக் கோயில் கடலைப் பார்த்துக் கட்டியது. சனம் எல்லாம் பீடத்தைப் பார்த்து, கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும். சாமியார் பக்கவாட்டில் நாற்காலியில் இருப்பார். வாசிக்கிறவளுக்கு மட்டும் தலைகளுக்கு மேலே பெரிய வாசலும், வாசலுக்கு நேரே மணலில் படகு வரிசையும் தெரியும்.

போன ஞாயிறு மூன்றாவது வாக்கியமோ நான்காவதோ. நிமிர்ந்தாள். வரிசையில் ஒரு பல் விழுந்த மாதிரி இருந்தது. ஜெரால்டின் நீலப் படகுக்கும் ஒரு மஞ்சள் படகுக்கும் நடுவில் மணல். ஹென்றி படகைப் பழுது பார்க்கக் கொண்டுபோயிருப்பான் என்று நினைத்தாள். அடுத்த வரியை வாசித்தாள். பூசை முடிந்து வெளியே வந்தபோது படகு அங்கே கிடந்தது. வயசாகிறது, கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று எண்ணிக்கொண்டாள். இந்த நிமிஷம் வரை அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

படகு இடத்தைவிட்டு அசையவே இல்லை என்று ஹென்றி சற்று முன்னால்தான் சொன்னான்.

அவள் சும்மா இருக்கலாம். அதற்கு ஒரு நல்ல காரணம்கூட அவளிடம் இருந்தது. வழக்குக் கட்டுக்குள் இல்லாதது உலகத்தில் இல்லை என்று ஒரு நீதிபதி அடிக்கடி சொல்வார். நீதிபதி தானே தெருவில் கண்டதை வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. யாரோ வந்து கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். நாற்காலியில் இருக்கிறவரைக்கும் அந்த மணலை அவள் பார்க்காதவள்தான். எவ்வளவு வசதியான நாற்காலி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கண்டவன் சொல்லாமல் இருந்தால் குற்றம் அவன் தலையில் என்று மோசேயின் சட்டத்தில் ஒரு இடம் உண்டு. அது எந்தப் பக்கம் என்று தேடினால் மரியான் உடனே எடுத்துக் கொடுப்பார்.

ஜன்னலில் பிலோமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். சொரிமுத்து செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தான். போகச் சொல்லிவிட்டார்கள் என்றே நினைத்துவிட்டான் போல.

பிளாரன்ஸ் எழுந்தாள்.

"இனி நான் இந்த நாற்காலியில இருக்கக் கூடாது."

"சொந்தம்னு சொல்லி அதப் பேசி முடிச்சாச்சேக்கா" என்றார் ஜெரால்டு.

"சொந்தத்துக்கு எந்திரிக்கல. நான் பாத்திருக்கேன்."

மேஜையைச் சுற்றி முன்னால் வந்து, பெஞ்சுகளுக்கு நடுவில் நின்றாள். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஜெரால்டும் மரியானும் கொஞ்சம் உயரமாகத் தெரிந்தார்கள். பார்த்ததை மட்டும் சொன்னாள். எந்த இரண்டு படகுக்கு நடுவில், வாசகத்தில் எந்த இடத்தில், பிறகு வெளியே வந்தபோது என்ன கண்டாள். ஹென்றி கடலுக்குப் போனான் என்று சொல்லவில்லை. அது அவளுக்குத் தெரியாது. குரல் பழக்கதோஷத்தில் உயர்ந்துவிட்டது. வெளியே கடைசி ஆளுக்கும் கேட்டிருக்கும்.

சொல்லி முடித்ததும் ஜெரால்டு எழுந்து வெளியே போனார். கோயிலுக்குள் வாசகம் வாசிக்கிற இடத்தில் நின்று படகு வரிசையை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"தெரியத்தான் செய்யுது" என்றார்.

ஹென்றி கட்டியிருந்த கையை அவிழ்த்தான். "வலை இழுத்துட்டுப் போயிருச்சு" என்றான். "வெள்ளிக்கிழம விட்ட வலை. சனி ராத்திரிக் காத்துல நங்கூரம் வுட்டுப் போச்சு. ஞாயிறு முழுக்க விட்டிருந்தா பாறையில மாட்டிக் கிழிஞ்சிருக்கும். எடுக்கப் போனேன். வலையில நண்டு இருந்துச்சு. நண்டக் கடல்லயா கொட்ட?"

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லாலே" என்றார் மரியான். அவருக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது. "ஓய்வுநாள்ல ஆடு குழியில விழுந்தா தூக்காம விடுவியளான்னு ஆண்டவரே கேட்டிருக்காரு."

"தூக்கட்டும்ணே" என்றார் ஜெரால்டு. "தூக்கின ஆட்ட விடியுமுன்ன ஏன் வித்தான்?"

யாரோ சிரித்தார்கள். ஹென்றிக்கும் உதடு அசைந்தது. அடக்கிக்கொண்டான்.

ஜெரால்டும் மரியானும் சாமியார் அறைக்குப் போய்ப் பத்து நிமிஷம் பேசினார்கள். பிளாரன்ஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் மோவாய்க்கு வந்தது. பக்கத்துப் பெஞ்சில் சொரிமுத்துவும் இப்போது உட்கார்ந்தான்.

ஜெரால்டு வந்து சொன்னார். வலையை எடுக்கப் போனதற்கு ஒன்றும் இல்லை. போகவில்லை என்று சொன்னதற்கும், ஒரு ஆளைப் பொய்யனாக்கப் பார்த்ததற்கும் பதினைந்து நாள். ஐஸ் பெட்டி இருந்த இடத்தில் இருக்கும்.

"பதினஞ்சு நாளா?" என்றாள் பிலோமி. அக்காவைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஜன்னலைவிட்டுப் போய்விட்டாள்.

எஞ்சினைக் கழற்ற எல்லாரும் மணலுக்குப் போனார்கள். ஹென்றியே திருகைத் தளர்த்தினான். கோயில் அறை வரைக்கும் கம்பில் கட்டி இருவர் தோளில் தூக்க வேண்டும். அவன் படகில் வேலை செய்கிறவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மற்றவர்களும் தூக்க முன்வரவில்லை. நாளைக்கு அவன் முகத்தில் விழிக்க வேண்டும்.

மரியான்தான் பேசினார். "மோசே காலத்துல கல்லெறியணும்னா முதக் கல்லு சாட்சி கையில இருந்துதான் போகணும். ஊருக்காரன் பெறகுதான் எறிவான்."

"அது எதுக்குண்ணே?" என்று பிளாரன்ஸ் கேட்டாள். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். இந்த இடத்தை அவள் படித்ததில்லை.

"சொல்லுததுக்கு முன்ன தன் கைய ஒருதரம் பாத்துக்கிடுவாம்லா."

அவள் தன் கையைப் பார்த்தாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கம்பின் ஒரு முனைக்குப் போனாள். சொரிமுத்து மறுமுனைக்கு வந்தான். ஐஸ் சுமக்கிற தோள் அவனுக்கு. கம்பு அவள் பக்கம் சரிந்தது. பத்து எட்டு வைத்திருப்பார்கள். மணலில் கால் புதைந்தது. மூச்சு வாங்கியது.

பின்னால் வந்த ஹென்றி கம்பைப் பிடித்தான். "விடுங்க பெரியம்ம. இடுப்பு புடிச்சுக்கிட்டா பெறகு அம்மைகிட்டதான் தைலத்துக்கு வருவிய."

"தருவாளா?"

"இன்னைக்கித் தரமாட்டா."

அவள் தோளை எடுத்தாள். அவன் தன் எஞ்சினைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தான். அவள் பக்கத்தில் நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் கேட்டான்.

"கோர்ட்டுலயும் சாட்சி சொன்னவந்தான் தூக்கணுமா?"

"இல்லலே. அங்க சாட்சிக்கு பஸ் சார்ஜ் குடுத்து ஊருக்கு அனுப்பிருவாவ."

"அது நல்லா இருக்கே" என்றான் ஹென்றி.

நல்லா இருக்கு என்றுதான் அவளும் இத்தனை காலம் நினைத்திருந்தாள். அந்தக் காசுக்குக் கையெழுத்து வாங்கியவளும் அவள்தான். கூண்டைவிட்டு இறங்கி, காசை எண்ணிப் பார்த்துவிட்டு, பஸ் எத்தனை மணிக்கு என்று அவளிடமே கேட்டுவிட்டுப் போவார்கள். ஊருக்குப் போய் இறங்கியதும் அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று ஒருவரிடமும் அவள் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரி பேசினாளா. தண்ணீர்க் குழாயில் இடம் விட்டார்களா. எத்தனை நாள் ஆயிற்று.

கோயில் அறையில் எஞ்சினை இறக்கி வைத்தார்கள். சொரிமுத்து தோளைத் துடைத்துக்கொண்டு, விடிந்தால் ஐஸ் வண்டி வரும் என்று சொல்லிவிட்டுப் போனான். பிளாரன்ஸ் வீட்டுக்கு நடந்தாள். நடுச்சுவரில் இருந்த கதவை அந்தப் பக்கத்திலிருந்து தாழ் போட்டிருந்தது. கொஞ்ச நேரம் அதன் முன்னால் நின்றாள். உள்ளே மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது. அது திறக்கப் பதினைந்து நாளா, அதற்கு மேலா என்று மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அதற்குச் சட்டம் எங்கும் இல்லை.